புயலுக்குப் பெயரிட்டவர்

நுழையும்முன்

புயல் எச்சரிக்கை இன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வந்து சேரும் அன்றாடச் செய்தி. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அத்தகைய செய்தி ஒன்றை எவராலும் தர இயலாது என்றே அரசுகளும் மாலுமிகளும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் ஒருவரான ஹென்றி பிடிங்டனின் வாழ்க்கை இப்பாடப்பகுதியில் இடம்பெறுகிறது.

மலையும் கடலும்

ஜவ்வாது மலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு உண்டு. திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அம்மலையின் சரிவுகளில் சாமை விதைத்து வாழும் மக்களுள் கடலைக் கண்ணால் காணாதவர் பலர் இருக்கக்கூடும். ஆயினும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அம்மலையின் ஓடைகள் பெருக்கெடுப்பது கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளாலேயே ஆகும். மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலக்கிறது. தென்சரிவின் நீர் தென்பெண்ணையைச் சேர்கிறது. கடலில் ஒரு சுழல் எழுந்தால் அதன் விளைவை இம்மலையும் இதன் அடிவாரத்து ஊர்களும் ஓரிரு நாளில் உணர்ந்துவிடும்.

2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையோர மக்கள் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தனர். கரையைக் கடந்த பின்னரும் விரைந்து அகலாத அப்புயல், உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. ஜவ்வாது மலையின் தென்மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. மலைக்குத் தெற்கே தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேற்றப்பட்டது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். கடலோரத்தைத் தாக்கும் என்று எண்ணப்பட்ட புயல், கடலே இல்லாத ஊர்களில் தன் வலிமையைக் காட்டிச் சென்றது.

இவ்வட்டாரத்திற்கு வெள்ளம் புதிதன்று. மலையின் வடமேற்கே பாலாற்றங்கரையில் அமைந்த வாணியம்பாடியில் 1903 நவம்பர் 12 அன்று ஆற்று வெள்ளம் புகுந்து ஏறத்தாழ 200 பேரைக் கொண்டுசென்றது. அதன் நினைவாக நடப்பட்ட தூண் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது.

ஃபெஞ்சல் என்னும் பெயரை அளித்த நாடு சவூதி அரேபியா. வட இந்தியப் பெருங்கடலில் எழும் புயல் ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு தனிப்பெயர் சூட்டும் வழக்கம் 2004 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆனால் இவை அனைத்தையும் குறிக்கும் சைக்ளோன் என்னும் பொதுப்பெயர், அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கல்கத்தாவில் உருவாக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், கப்பலோட்டி வாழ்ந்தவர்.

மாலுமி

ஹென்றி பிடிங்டன் 1797 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள அக்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே வணிகக் கப்பல்களில் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கடல்களிலும் சீனக் கடலிலும் ஓடிய கப்பல்களில் பணிபுரிந்து தலைவராக உயர்ந்தார். பாய்மரக் கப்பல்களின் காலம் அது. காற்றே கப்பலை நடத்தியது. காற்றே அதை அழித்தது.

நடுவயதை எட்டுமுன்பே கடல் வாழ்க்கையைத் துறந்த பிடிங்டன், கல்கத்தாவில் கால் ஊன்றினார். அங்கு அவர் ஈடுபட்ட துறைகளின் பட்டியல் வியப்பளிப்பது. இந்தியத் தாவரப் பெயர்களுக்கு ஆங்கில அகரவரிசை ஒன்றைத் தொகுத்து 1832 இல் வெளியிட்டார். மண்ணையும் கனிமங்களையும் வேதியியல் முறையில் பகுத்தாய்ந்தார். வானிலிருந்து விழுந்த விண்கற்களையும் விட்டுவைக்கவில்லை. பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியாற்றினார். முறையான அறிவியல் கல்வி பெறாத ஒருவர், வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் தொடர்ந்து எழுதும் நிலைக்கு உயர்ந்தார் எனில், அதற்கு அவரது ஓயாத உழைப்பே காரணம்.

இவற்றோடு கப்பல் விபத்துகளை உசாவும் கடல்சார் நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது. மூழ்கிய கப்பல்களின் கதைகள் அவரது மேசைக்கு வந்தன. எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது, எந்த நேரத்தில் திசை மாறியது, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது, தலைவர் பாயை எப்போது இறக்கினார் என்பன போன்ற வினாக்களை எழுப்பத் தெரிந்த தலைவர் ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்தது கடலோடிகளுக்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

வேறு இரு நாட்டார் தொடங்கிவைத்த பணி

புயற்காற்று நேர்கோட்டில் வீசுகிறது என்றே அக்காலத்தில் பலரும் கருதினர். அமெரிக்காவில் 1821 ஆம் ஆண்டு பெரும்புயல் ஒன்று வீசிய பின், கனெக்டிகட் பகுதியில் பயணம் செய்த வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் சாய்ந்து கிடந்த மரங்களை உற்றுநோக்கினார். ஓரிடத்தில் ஒரு திசை நோக்கிச் சாய்ந்திருந்த மரங்கள், சில பல கல் தொலைவுக்கு அப்பால் அதற்கு நேரெதிர்த் திசையில் சாய்ந்து கிடந்தன. இரண்டும் ஒரே புயலின் செயல். அவ்வாறாயின் அக்காற்று சுழன்றுகொண்டே நகர்ந்திருக்க வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார். பல ஆண்டுகள் சான்றுகளைத் திரட்டி 1831 இல் அக்கருத்தை வெளியிட்டார்.

அதே 1831 ஆம் ஆண்டில் கரீபியக் கடலின் பார்படோஸ் தீவு புயலால் சிதைந்தது. சிதைந்த கட்டடங்களை மீண்டும் எழுப்புவதற்காக ஆங்கில அரசு வில்லியம் ரீடு என்னும் படைப் பொறியாளரை அங்கு அனுப்பியது. கட்டடம் கட்டச் சென்ற ரீடு, கட்டடங்களைத் தகர்த்த காற்றின் இயல்பை ஆராயத் தொடங்கினார். அவர் 1838 இல் வெளியிட்ட நூல் புயல்களின் விதியைப் பற்றியது. பேரிடருக்குப் பிந்தைய சீரமைப்புப் பணி ஒன்றிலிருந்து பேரிடரை முன்னறியும் அறிவியல் கிளைத்தது என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

ரீடின் நூலைக் கற்ற பிடிங்டனுக்கு, வங்கக் கடலிலும் அவ்விதி செல்லுமா என்னும் வினா எழுந்தது. விடை காணும் வாய்ப்பும் விரைவிலேயே வந்தது.

கப்பல் நாட்குறிப்புகள் பேசிய உண்மை

1839 ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில் வங்கக் கடலில் ஒரு புயல் வீசியது. அதில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பிடிங்டன் தேடிப் பெற்றார். கம்பெனி அரசும் இம்முயற்சிக்குத் துணைநின்றது. ஒவ்வொரு கப்பலிலும் நேரந்தோறும் எழுதப்பட்டிருந்த காற்றின் திசை, வலிமை, அழுத்தமானியின் அளவு ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறித்தார். தனித்தனியே நோக்கியபோது குழப்பமாகத் தோன்றிய குறிப்புகள் வரைபடத்தில் ஒரு வட்டமாக ஒழுங்குபெற்றன. ஒரு கப்பலுக்கு வடக்கிலிருந்தும் மற்றொன்றுக்குத் தெற்கிலிருந்தும் ஒரே வேளையில் வீசிய காற்று, ஒரு மையத்தைச் சுற்றிய சுழலின் இரு பக்கங்களே என்பது தெளிவாயிற்று.

அவ்வாய்வு ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் அதனினும் பன்மடங்கு கொடிய நிகழ்வு ஒன்று நேர்ந்தது. கோதாவரியின் கழிமுகத்தில், இன்றைய காக்கிநாடாவுக்கு அருகில், கோரிங்கா என்னும் துறைமுக ஊர் இருந்தது. கப்பல் கட்டும் தொழிலால் செழித்த ஊர். 1789 டிசம்பரில் அடுத்தடுத்து மூன்று பேரலைகள் புகுந்து அவ்வூரை ஒருமுறை அழித்திருந்தன. அப்போது மாண்டவர் ஏறத்தாழ 20,000 பேர் என்பது பிடிங்டன் பதிவுசெய்த கணக்கு. உயிர் பிழைத்தோர் அதே இடத்தில் மீண்டும் வீடு கட்டினர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1839 நவம்பர் 25 அன்று, கடல் மீண்டும் ஊருக்குள் புகுந்தது. இம்முறை மூன்று இலட்சம் பேர் இறந்ததாகப் பிற்கால நூல்கள் பலவும் எழுதுகின்றன. அன்றைய கழிமுகத்து ஊர்களின் அளவை எண்ணிப் பார்த்தால் அவ்வெண்ணை ஐயத்தோடு நோக்குவதே முறை. ஆயினும் கோரிங்கா அதன்பின் தன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதில் ஐயமில்லை.

பிடிங்டனின் இரண்டாம் ஆய்வேடு இக்கோரிங்காப் புயலைப் பற்றியது. தொடர்ந்து கட்டாக், சென்னை, சீனக் கடல், மொரீசியசு எனப் பல இடங்களின் புயல்கள் அவரது ஆய்வுக்கு உட்பட்டன. 1841 மே மாதத்தில் சென்னைக் கரையைத் தாக்கிய புயலுக்கும் தனி ஆய்வேடு உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளை அவர் எழுதினார். அத்தனைக்கும் மூலப்பொருள் கடலோடிகள் எழுதிய குறிப்புகளே. புயலின் நடுவே, கையெழுத்து நடுங்கும் வேளையிலும், காற்றின் திசையை எழுதிவைத்த பெயரறியா மாலுமிகளுக்கு இவ்வறிவியலில் பெரும்பங்கு உண்டு.

அவற்றுள் ஒரு குறிப்பு தனித்துச் சொல்லத்தக்கது. 1845 பிப்ரவரியில் மொரீசியசை விட்டுப் புறப்பட்ட சார்லசு ஹெடில் என்னும் இருபாய்மரக் கப்பல் புயலில் சிக்கியது. அதன் தலைவர் காற்று தள்ளிய திசையிலேயே கப்பலை ஓடவிட்டார். நாள்கள் பல ஓடியும் கப்பல் புயலை விட்டு விலகவில்லை. அந்நாட்குறிப்பை வரைபடத்தில் இட்டுப் பார்த்த பிடிங்டன், கப்பல் ஒரே மையத்தை ஐந்து முறை சுற்றி வந்திருப்பதைக் கண்டார். செக்கைச் சுற்றும் மாட்டைப் போல அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. புயல் சுழல்கிறது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

அரிச்சுவடி

ஆய்விதழில் எழுதுவதோடு பிடிங்டன் நிறைவடையவில்லை. தம் கண்டுபிடிப்பு கப்பலின் மேல்தளத்தில் நிற்பவனுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவரது நோக்கம். இந்திய, சீனக் கடல்களுக்கென 1844 இல் ஒரு சிறுநூலை வெளியிட்டார். அதனை விரித்து, எல்லாக் கடல்களுக்கும் உரியதாக 1848 இல் மாலுமிகளுக்கான நூலொன்றை வெளியிட்டார். அந்நூலின் தலைப்பில் அவர் வைத்த சொல் ஹார்ன்புக் என்பது. ஐரோப்பியச் சிறுவர் எழுத்துக் கற்ற சுவடிக்கு அப்பெயர் வழங்கியது. எழுத்துகள் அழியாமலிருக்க அதன்மேல் மெல்லிய கொம்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். நம் வழக்கில் அரிச்சுவடி என்போம். கற்றறியாத மாலுமியும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பயன்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் அத்தலைப்பிலேயே வெளிப்படுகிறது.

கொம்பு என்பது அங்கு உவமையாக மட்டும் இடம்பெறவில்லை. ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளில் வட்டங்களையும் அம்புக்குறிகளையும் பொறித்து நூலுடன் இணைத்திருந்தார். வடகோளத்திற்கு ஒன்று, தென்கோளத்திற்கு ஒன்று. தலைவர் தகட்டைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்து, தமக்கு வீசும் காற்றின் திசையோடு அம்புக்குறி பொருந்தும்வரை நகர்த்தினால், புயலின் மையம் எத்திசையில் உள்ளது என்பது புலப்பட்டுவிடும். வடகோளத்தில் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், காற்றை எதிர்நோக்கி நிற்பவனின் வலப்புறத்தில் மையம் இருக்கும். சென்னைக் கரையில் நிற்பவனுக்குக் காற்று வடக்கிலிருந்து வீசினால், புயலின் மையம் கிழக்கே கடலில் உள்ளது என்று அறியலாம். மையம் எங்குள்ளது என்பது தெரிந்தால் அதனின்று விலகும் வழியும் தெரிந்துவிடும்.

இந்நூலில்தான் சைக்ளோன் என்னும் சொல் முதன்முதலாகப் புழக்கத்திற்கு வந்தது. வட்டத்தையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அவர் அதை அமைத்தார். அதற்கு முன்னர் வழங்கிய பல பெயர்கள் காற்றின் வலிமையைச் சுட்டின. இச்சொல் அதன் இயக்கத்தைச் சுட்டியது. தமிழில் புயல் என்னும் சொல் பழம்பாடல்களில் மேகத்தையும் மழையையும் குறித்தது. பெருங்காற்றைக் குறிப்பது அதன் பிற்காலப் பொருள். சொல்லின் பழைய பொருள் மறைந்தாலும், காற்றையும் மழையையும் பிரிக்க இயலாத நம் கடற்கரையின் பட்டறிவு அதில் தங்கியிருக்கிறது.

பிடிங்டனின் விதியில் குறை ஒன்று இருந்தது. காற்று முழு வட்டமாகவே சுழல்கிறது என்று அவர் கொண்டார். உண்மையில் அது மையத்தை நோக்கி உட்சாய்ந்து சுழல்கிறது. மொரீசியசில் ஆய்வு நடத்திய சார்லசு மெல்ட்ரம் பின்னாளில் இதனைச் சுட்டிக்காட்டினார். கொம்புத் தகட்டை மட்டும் நம்பிய தலைவர், மையத்தின் திசையைச் சற்றே தவறாகக் கணிக்க நேரும். புயலில் அச்சிறு பிழையும் உயிருக்கு ஊறு விளைக்கும். அறிவியலில் முதல் வரைவு எழுதுபவர் எவருக்கும் நேர்வதே பிடிங்டனுக்கும் நேர்ந்தது.

தலைமை ஆளுநருக்கு ஒரு மடல்

புயலால் இறப்போருள் மிகப் பலர் காற்றால் இறப்பதில்லை; கடல்நீரால் இறக்கின்றனர். இதனைப் பிடிங்டன் கோரிங்காவின் வரலாற்றிலிருந்து நன்கு உணர்ந்திருந்தார். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் சிறிதளவு உயர்கிறது. அதனினும் மிகுதியாக, சுழல்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. ஆழ்கடலில் அந்நீர் கீழிறங்கிப் பரவிவிடும். வங்கக் கடலின் வடபகுதியோ ஆழம் குறைந்தது. புனல்போலக் குறுகிச் செல்வது. அங்கு குவிந்த நீருக்குக் கரையேறுவதைத் தவிர வேறு வழி இல்லை. இன்று புயல் எழுச்சி என்றும் ஓதப்பெருக்கு என்றும் வழங்கும் இதனைப் பிடிங்டன் புயல் அலை என்று அழைத்தார்.

1850களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வணிகர்களை ஓர் அச்சம் பற்றியிருந்தது. ஹூக்ளி ஆற்றில் மணல்மேடுகள் வளர்ந்துவந்தன. பெரிய கப்பல்கள் கல்கத்தாவுக்கு வர இயலாத நாள் விரைவில் வந்துவிடும் என்று பலர் நம்பினர். மாற்றுத் துறைமுகம் வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், மாத்லா ஆற்றின் கரையில் இடம் பார்க்கப்பட்டது. ஆழமும் அகலமும் உடைய ஆறு. கடலுக்கு நேரே செல்லும் வழி. வணிகக் கண்ணுக்கு அதனினும் சிறந்த இடம் தென்படவில்லை.

கடலுக்கு நேரே செல்லும் வழி, கடல் நேரே வரும் வழியும் ஆகும். 1853 ஆம் ஆண்டு பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு ஒரு மடல் எழுதி அச்சிட்டு வெளியிட்டார். வங்கக் கடலின் புயல் அலைகளையும், சுந்தரவனப் பகுதியில் அவற்றின் விளைவுகளையும் பற்றியது அம்மடல். மாத்லாக் கரையில் நகரம் எழுப்பப்பட்டால், ஒரு நாள் புயலின் நடுவே உப்புநீர் மலையென உருண்டு வரும் என்றும், குடியிருப்பு முழுவதும் ஐந்து முதல் பதினைந்து அடி ஆழத்தில் மூழ்கும் என்றும் அதில் எச்சரித்தார். நாளையும் ஆண்டையும் அவர் குறிப்பிடவில்லை. குறிப்பிட இயலாது என்பதை அறிந்தவர் அவர். நிகழும் என்பதை மட்டும் உறுதியாகக் கூறினார்.

அரசு தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வணிகர் கழகங்களின் கோரிக்கைக்கு எதிரில் அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவரின் மடல் எடை குறைந்ததாகத் தோன்றியிருக்கலாம். ஹூக்ளி தூர்ந்துவருவது அனைவர் கண்ணிலும் பட்டது. புயல் அலையோ வரும்வரை கண்ணில் படாதது. இங்கு டல்ஹவுசியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். இந்தியாவில் தந்திக் கம்பிகள் விரிந்தது அவர் ஆட்சியில்தான். 1855 வாக்கில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியன தந்தியால் இணைக்கப்பட்டுவிட்டன. புயல் வரும் செய்தியைப் புயலினும் விரைவாக அனுப்ப வல்ல கருவி அது. ஆயினும் எச்சரிக்கைக்கு அதனைப் பயன்படுத்தும் ஏற்பாடு எதனையும் பிடிங்டன் தம் வாழ்நாளில் காணவில்லை. 1858 ஏப்ரல் 7 அன்று அவர் கல்கத்தாவில் காலமானார்.

அவருக்குப் பின்

மாத்லாக் கரையில் நகரம் எழுந்தது. டல்ஹவுசிக்குப் பின் பதவியேற்ற கேனிங்கின் பெயர் அதற்கு இடப்பட்டது. சதுப்புக் காடு திருத்தப்பட்டு இறங்குதுறைகள் அமைந்தன. கல்கத்தாவிலிருந்து இருப்புப்பாதை போடப்பட்டது. துறைமுகத்தை வளர்க்க 1865 இல் தொடங்கிய நிறுவனத்தின் பங்குகளை வாங்குவதற்குப் பம்பாய் வணிகர்கள் போட்டியிட்டனர்.

அழிக்கப்பட்ட காடு எத்தகையது என்பதைத் தமிழ்ச் சொல்லொன்று விளக்கிவிடும். கழிமுகத்துச் சதுப்பில் வேரூன்றி வளரும் காட்டை அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுவது என்பது அதன் பொருள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குப் பின்னிருந்த சிற்றூர்கள் குறைந்த சேதத்துடன் தப்பியதை ஆய்வாளர் பலர் பதிவுசெய்துள்ளனர்.

இதற்கிடையே 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. ஹூக்ளியின் வழியே ஏறிய கடல்நீர் கரையோர ஊர்களைக் கொண்டுபோயிற்று. இறந்தோர் 50,000க்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிடப்பட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சிதறிக் கரையேறின. ஒரு மாதத்திற்குள், நவம்பர் 1 அன்று, மசூலிப்பட்டினத்தில் மற்றொரு புயல் அலை புகுந்து ஏறத்தாழ 30,000 பேரை மாய்த்தது. அப்போதுதான் அரசு விழித்தது. அடுத்த ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை அளிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. 1866 இல் ஒரிசாவில் நேர்ந்த கொடும்பஞ்சமும் சேர்ந்து, நாடு முழுமைக்குமான வானிலைத் துறையின் தேவையை உணர்த்தின. 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, 1864 ஆம் ஆண்டின் கல்கத்தாப் புயலை ஆராய்ந்து அறிக்கை அளித்தவர்களுள் ஒருவர். கப்பல் நாட்குறிப்புகளைத் திரட்டிப் புயலின் பாதையை வரையும் பிடிங்டனின் முறை அவ்வறிக்கையில் தொடர்ந்தது.

கேனிங் துறைமுகத்திற்கு உரிய நாள் 1867 நவம்பர் 1 அன்று வந்தது. அன்று வீசியது அக்காலக் கணக்கில் மாபெரும் புயலும் அன்று. எழுந்த அலையின் உயரம் ஏறத்தாழ ஆறு அடியே. பிடிங்டன் சொன்ன ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடையே கீழ்நிலையில் நிற்கும் அளவு. இறங்குதுறைகளும் கட்டடங்களும் சிதைந்தன. மடல் எழுதப்பட்டுப் பதினான்கு ஆண்டுகளும், மடல் எழுதியவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளும் ஆகியிருந்தன. பம்பாயில் விலையேறிய பங்குகள் காகிதமாயின. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. ஹூக்ளியோ தூர்ந்துபோய்விடவில்லை, கல்கத்தாத் துறைமுகம் இன்றும் இயங்குகிறது.

வானிலைத் துறை பிறந்ததனால் மட்டும் உயிர்கள் காக்கப்பட்டுவிடவில்லை. 1876 இல் மேக்னா கழிமுகத்தின் பாக்கர்கஞ்சில் புயல் அலை இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. துறைமுகங்களில் ஏற்றப்பட்ட எச்சரிக்கைக் கூண்டுகள் கப்பல் தலைவர்களுக்காக ஏற்றப்பட்டவை. கழிமுகத்து உழவர்களுக்கு அவற்றால் பயன் விளையவில்லை. நாட்டின் விடுதலைக்குப் பின்னரும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பயணிகளோடு ஒரு தொடர்வண்டி அவ்வூரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1999 இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர்.

அதே ஒடிசாக் கரையை 2013 அக்டோபரில் பைலின் புயல் கடந்தபோது, உயிரிழப்பு சில பத்துகளில் அடங்கியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கரையோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டிருந்தன. ஊர்தோறும் மக்கள் பயிற்சி பெற்றிருந்தனர். 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் எந்த அலுவலர் எந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதை வரையறுத்திருந்தது. புயல் கரையேறும் முன்னர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். எச்சரிக்கை முற்பட்ட காலங்களிலும் இருந்தது. அதைக் கேட்டவுடன் மக்கள் செல்ல ஓர் இடமும், அழைத்துச் செல்ல ஓர் ஆளும் இப்போது இருந்தனர்.

ஜவ்வாது மலையைப் போன்ற உள்நிலப் பகுதிகளுக்கான எச்சரிக்கை வேறுவகைப்பட்டது. இங்கு அச்சுறுத்துவது கடல்நீர் அன்று. ஓடையில் திடீரென வரும் வெள்ளமும் சரியும் மண்ணும் நிரம்பும் ஏரியும் ஆகும். ஆகவே கரையைக் கடந்த புயல் எத்திசையில் நகரும், எங்கு நின்று பொழியும், அந்நீர் எந்த அணைக்கு எத்தனை மணிநேரத்தில் வந்துசேரும் என்னும் கணிப்புகள் தேவைப்படுகின்றன. திருப்பத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறமிட்டு விடுக்கப்படும் மழை எச்சரிக்கைகள் இக்கணிப்பின் ஒரு பகுதி. இன்று செயற்கைக்கோள்களும் ரேடார்களும் அளிக்கும் படத்தில் வெண்சுருளாகத் தெரியும் மேகத்திரளை, கப்பல் நாட்குறிப்புகளை மட்டும் கொண்டு தம் மேசையின்மேல் வரைந்தவர் பிடிங்டன்.

கேனிங்குக்கு அன்று போடப்பட்ட இருப்புப்பாதை இன்றும் இயங்குகிறது. கல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து புறப்படும் புறநகர் வண்டிகள் அங்குச் சென்று முடிகின்றன. சுந்தரவனத்துத் தீவுகளுக்குச் செல்வோரும், அங்கிருந்து மீனும் தேனும் கொண்டு வருவோரும் அந்நிலையத்தில் ஏறி இறங்குகின்றனர். துறைமுகம் அங்கு இல்லை.